பழைய பிரெஞ்சு சுவர் விளக்கு ஜோடி வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

பாரிசுக்கு வெளியே நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கூடத்தில், கணப்புக்கு மேலே ஒரு பெரிய நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் சுவரிலிருந்து இரண்டு வயர் முனைகள், டேப் சுற்றி, மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு காலத்தில் அங்கே ஒரு ஜோடி அப்ளிக் மாட்டியிருந்திருக்கிறார்கள். அப்ளிக் என்றால் சுவரில் மாட்டும் விளக்கு: வெண்கலத்தில் வார்த்து, தங்க முலாம் பூசி, இரண்டோ மூன்றோ கைகள் நீட்டி, ஒவ்வொரு கையிலும் ஒரு மெழுகுவத்திக் கிண்ணம். சரி, பழைய ஜோடி ஒன்றையே வாங்கி அதே இடத்தில் மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன். எட்டு மாதமும், நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு பணமும் போனது.

வெளியூர் ஏலம் ஒன்றில் வெறும் புகைப்படத்தைப் பார்த்து இணையம் வழியாக எடுத்த ஜோடி அது. வீட்டுக்கு வந்து, ரசமட்டம் வைத்து, இரண்டு ஆணியும் ஒரே மட்டத்தில் அடித்து மாட்டினால், அடிப்பக்கம் சேரவில்லை. ஒன்று 48 செ.மீ., இன்னொன்று அதைவிட 7 மி.மீ. குட்டை. கழற்றித் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஒன்று பழையது, மற்றது அதைப் பார்த்து அச்செடுத்து வார்த்த நகல். உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பிரான்சில், சொந்த வீட்டுக்காக, சில நூறு யூரோவிலிருந்து இரண்டாயிரம் யூரோ வரை செலவழிக்க நினைப்பவருக்கானது இது. அருங்காட்சியகத் தரத்தில் வாங்குபவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை, அவர்களிடம் ஆள் இருக்கிறது.

1. சுவரை அளந்துவிட்டு அப்புறம் விளக்கைத் தேடுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். முதலில் விளக்கு மனதுக்குப் பிடித்துவிடும், பிறகு சுவர் போதாது. கண்ணாடிச் சட்டத்துக்கும் மூலைக்கும் நடுவில் எவ்வளவு இடம், வயர் எந்த உயரத்தில் வெளியே வருகிறது, சுவர் கல்லா, செங்கல்லா, உள்ளே வெற்றிடமுள்ள ஜிப்சம் பலகையா (இங்கே பிளாக்கோ என்பார்கள்), இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கை உள்ள அப்ளிக் சாதாரணமாகவே 35, 40 செ.மீ. அகலம் போகும், சுவரிலிருந்து 20, 25 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் நடைகூடத்தில் மாட்டினால் தோளில் இடிக்கும். சுடர் நிற்கும் இடம் தரையிலிருந்து 1.65 முதல் 1.80 மீ. வரை இருந்தால் கண்ணுக்கு இதம். எடையும் முக்கியம். நல்ல வெண்கலத்தில் நடுத்தர அளவு அப்ளிக் ஒன்று மூன்று நான்கு கிலோ வரும்.

எத்தனை வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒற்றை விளக்கு ஜோடி விலையில் பாதிக்கும் மிகக் கீழே கிடைக்கும், ஆனால் பின்னால் அதற்குத் துணை தேடுவது பெரும்பாடு. நான்கு சேர்ந்த தொகுப்பு இரண்டு ஜோடியின் விலையைவிட அதிகமாகப் போகும்.

2. வடிவத்தைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு வார இறுதி போதும், பணமும் வேண்டாம். பாரிஸ் நகரத்துக்குச் சொந்தமான கர்னவாலே அருங்காட்சியகத்திலும் கோஞாக்-ஜே அருங்காட்சியகத்திலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு அறைகளில் சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடங்கள். நேரம் இருந்தால் லூவ்ரில் அலங்காரக் கலைப் பிரிவு. நான் இதை ஏலத்துக்கு அப்புறம்தான் செய்தேன்.

ஏலப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பாணிப் பெயர்கள் மூன்றுதான், மூன்றும் அந்தந்த பிரெஞ்சு மன்னர் காலத்தை வைத்து வந்தவை. 15-ஆம் லூயி பாணியில் நேர்கோடே இருக்காது. அடியிலிருந்து ஒரு செடி முறுக்கிக்கொண்டு வளர்ந்து, போகிற போக்கில் கைகளாகப் பிரிந்தது போல இருக்கும்; சிப்பி, சுருள், இலை, ஒரு கை மேலே ஒரு கை கீழே. 16-ஆம் லூயி வந்ததும் எல்லாம் நிமிர்ந்துவிடும்: நடுவில் ஒரு தண்டு, தீப்பந்தமாகவோ அம்புறாத் தூணியாகவோ, உச்சியில் சுடர் எழும் கலசம் அல்லது ரிப்பன் முடிச்சு, பக்கத்தில் ஆட்டுக்கிடாய்த் தலை, புன்னை இலையைக் கோத்தது போன்ற லாரல் மாலை, இடதும் வலதும் சமம். நெப்போலியன் காலத்து எம்பயர் பாணியில் கழுகு, அன்னம், சிறகு விரித்த வெற்றித் தேவதை, மொட்டையான பின்தகட்டில் தனித்தனியாக ஒட்டிய உருவங்கள். எல்லாப் பாணியிலும் வந்து போகிற பல் பல்லான இலை அகாந்தஸ். பிச்சாவரம் பக்கம் கழிமுகத்தில் கழுதைமுள்ளி பார்த்திருந்தால், அதற்கு உறவுக்காரச் செடி.

இந்த மூன்று பாணியையும் 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி மறுபடி வார்த்தார்கள், அதுவும் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், அதாவது 1852 முதல் 1870 வரை, அதற்குப் பின்னும். ஆகவே வடிவம் பாணியைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. நம் பட்ஜெட்டில் வருவது பெரும்பாலும் இந்த 19-ஆம் நூற்றாண்டுப் பொருள்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்பெதியேன், தாசோன் போன்ற பட்டறைகள் அந்த நூற்றாண்டில் செய்த வேலை பல 18-ஆம் நூற்றாண்டுச் சாமான்களைவிட நேர்த்தி. ஆனால் அந்தப் பெயர் இருந்தால் விலையும் அப்படியே ஏறும்.

15-ஆம் லூயி பாணி ஜோடிக்கு மட்டும் ஒரு சோதனை உண்டு. நல்ல ஜோடி என்றால் இடக்கையும் வலக்கையும் போல இருக்க வேண்டும்: ஒன்று இடப்பக்கம் வளைந்தால் மற்றது வலப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தால், பெரும்பாலும் வெவ்வேறு ஜோடியிலிருந்து பிரிந்து வந்தவை, அல்லது ஒரே அச்சில் மலிவாக ஊற்றியவை. கண்ணாடிக்கு இருபுறமும் மாட்டும்போது அந்தக் குறை நன்றாகத் தெரியும்.

3. பட்டியலில் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்

பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1981 மார்ச் 3-ஆம் தேதி ஆணை, வியாபாரிகள் வாயில் மார்க்குஸ் ஆணை. விற்பவர் எந்தச் சொல்லைப் போட்டால் எதற்குப் பொறுப்பு என்று அது வரையறுக்கிறது.

'எபோக் லூயி 16' என்று எழுதியிருந்தால், அந்தக் காலத்தில் செய்தது என்று அவர் உத்தரவாதம் தருகிறார். 'ஸ்தீல் லூயி 16' என்று எழுதியிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை; போன வருடம் வார்த்ததாகக்கூட இருக்கலாம். ஒரு கலைஞரின் பெயருக்கு முன்னால் 'அத்ரிபுயே' என்று இருந்தால், அவர் வேலை செய்த காலத்தது, அவர் செய்ததாக நம்ப வலுவான காரணம் உண்டு என்று பொருள். 'தாப்ரே' என்று இருந்தால் அவருடைய வடிவத்தைப் பார்த்துச் செய்தது, அவ்வளவே. கஃபியேரி, கூத்தியேர், தோமீர் என்ற புகழ்பெற்ற வெண்கலக் கலைஞர்களின் பெயர்களைப் பட்டியலில் கண்டதும் நெஞ்சு படபடக்கும், முன்னால் இருக்கும் அந்தக் குட்டிச் சொல்லைப் பார்த்தால் அடங்கிவிடும்.

பொருளின் பெயரையும் கவனியுங்கள். 'புரோன்ஸ் தொரே' என்றால் முலாம் பூசிய வெண்கலம். 'புரோன்ஸ் வெர்னி' என்றால் பொன்னிற வார்னிஷ் அடித்தது, தங்கமே கிடையாது. 'மேத்தால் தொரே' என்றால் ஏதோ ஒரு உலோகம், அதாவது வெண்கலம் என்று சொல்ல அவருக்கே தைரியம் இல்லை. 'ரெகுல்' என்றால் துத்தநாகக் கலவை. 'பெர்சே' என்றால் மின்சாரத்துக்காகத் துளை போட்டது, 'ரெதோர்யூர்' என்றால் மறுமுலாம்.

என் ஜோடிக்கு எழுதியிருந்தது 'ஸ்தீல் லூயி 15'. நான் அதைப் படித்தேன், புரிந்துகொள்ளவில்லை.

4. கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்

ஏலத்துக்கு முன் பொருளைப் பார்க்க வைப்பார்கள், யாரும் போகலாம், இலவசம். பாரிசில் ஒன்பதாம் வட்டாரத்திலுள்ள துரூவோ ஏல மாளிகையில் வழக்கமாக முந்தின நாள் 11 மணி முதல் மாலை 6 வரையும், ஏல நாள் காலையில் ஒரு மணி நேரமும். அங்கே இருக்கும் பணியாளரிடம் கேட்டால் எடுத்துக் கையில் கொடுப்பார். தயங்காதீர்கள், அது அவர் வேலை. பையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, ஃபோன் டார்ச், பத்து மடங்கு லென்ஸ், சின்னக் காந்தம், சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசு.

முதலில் முதுகைப் பாருங்கள். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, அந்தக் கலவையைப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள், தங்கம் ஒட்டிக்கொள்ளும். செய்பவரின் உயிரைக் குடிக்கும் வேலை. தங்கம் விலை என்பதால் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்துக்குத்தான் பூசுவார்கள். பின்பக்கம் பழுப்பு வெண்கலமாகவே கிடக்கும், ஓரத்தில் மட்டும் முலாம் வழிந்து திட்டுத் திட்டாக நிற்கும். 1840-களில் மின்முலாம் வந்தது, கிறிஸ்தோஃப்ளே நிறுவனம் 1842-இல் அதற்கான காப்புரிமைகளை வாங்கியது. இதில் பொருளைத் தொட்டியில் முக்கியெடுப்பதால் முதுகு, மடிப்பு, திருகுத் துளை எல்லாம் ஒரே சீராக மஞ்சள். முதுகு முழுக்கத் தங்கமாக மினுங்கினால் அது மின்முலாம், அல்லது பழைய பொருளுக்குப் பிறகு போட்ட மறுமுலாம். மறுமுலாம் போட்டது விலை குறைய வேண்டும்.

அடுத்தது நகாசு. லென்ஸில் இலை நரம்பைப் பாருங்கள். வார்ப்பு ஆறியதும் உளியும் சிறு சுத்தியலும் வைத்து ஒவ்வொரு நரம்பையும் எடுத்திருந்தால் கோடு கூர்மையாக, ஆரம்பமும் முடிவும் தெரியும்படி இருக்கும். பக்கத்தில் மங்கலாகப் புள்ளி புள்ளியாக அடித்த பரப்பும், மெருகேற்றிய பளபளப்பும் அருகருகே இருப்பதுதான் பிரெஞ்சு வேலையின் அழகு, வெளிச்சம் பட்டால் ஒரே தங்கம் இரண்டு நிறமாகத் தெரியும். நகலில் நரம்பெல்லாம் சோப்பில் செதுக்கிக் கழுவியது போல மழுங்கியிருக்கும்.

அப்புறம் அளவு. இரண்டையும் உயரம், அகலம், பின்தகடு என்று மூன்று இடத்தில் அளங்கள். உருகிய வெண்கலம் ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். ஆகவே பழைய விளக்கின் மேலேயே அச்செடுத்து வார்த்த நகல், மூலத்தைவிடக் கட்டாயம் சிறியது. இந்த வேலைக்கு இங்கே சுர்முலாஜ் என்று பெயர். 48 செ.மீ.க்கு ஒன்றரை சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் என் 7 மி.மீ. வந்துவிடும். கையால் செய்த பொருளில் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் சகஜம், அதற்காக விட்டுவிடாதீர்கள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால்தான் சந்தேகம்.

கையையும் பார்க்க வேண்டும். மெழுகுவத்திக் காலத்துக் கை கெட்டியாக வார்த்தது. மின்சாரம் வந்ததும் துளைத்திருப்பார்கள், அல்லது வயரைக் கையின் மேலேயே ஓட்டிக் கட்டியிருப்பார்கள். உள்ளே சுத்தமான குழாய்வழி பிறவியிலேயே இருந்தால் அது வாயு விளக்குக்கோ மின்சாரத்துக்கோ செய்தது, எபோக் லூயி 15 என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள். துளைத்திருப்பது பெரிய குறையல்ல, பெரும்பாலானவை துளைத்தவைதான். திருகுகளில் பிலிப்ஸ் தலை தெரிந்தால் கேள்வி கேளுங்கள். கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் உளியால் போட்ட சின்னக் கோடு, புள்ளி தெரிந்தால் நல்லது, எந்தக் கை எந்த உடலுக்கு என்று பட்டறைக்காரர் போட்ட அடையாளம் அது. பொபெஷ் என்ற மெழுகு வழியும் தட்டுகளை எண்ணுங்கள், எல்லாம் ஒரே அளவா என்று பாருங்கள். தொலைந்துபோய்ப் புதிதாகச் சேர்ப்பது அதைத்தான்.

ரெகுலைக் கண்டுபிடிக்கக் காந்தம் உதவாது, துத்தநாகமும் ஒட்டாது, வெண்கலமும் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பை மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். ஏற்கனவே கீறல் விழுந்த இடத்தைத் தேடுங்கள் (நீங்கள் கீறக்கூடாது). உள்ளே மஞ்சளோ செம்மஞ்சளோ தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை, சாம்பல் வெளுப்பு என்றால் ரெகுல். விரல் நகத்தால் சுண்டினால் வெண்கலம் கொஞ்சமாவது ரீங்கரிக்கும், ரெகுல் மண்சட்டி போலச் சத்தம் தரும்.

முத்திரை பற்றி ஒன்று. கிரீடத்தின் கீழ் சி (C) என்ற எழுத்து, அரிசிமணிகூட இருக்காது, அதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்பார்கள். 1745 முதல் 1749 வரை செம்பு கலந்த பொருள்களுக்குப் போட்ட வரி முத்திரை அது. உண்மையாக இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் பிற்காலத்தில் பொய்யாக அடித்ததும் நிறைய. முதுகும் நகாசும் ஒத்துவராத இடத்தில் முத்திரையை நம்பி ஒரு யூரோகூட ஏற்றாதீர்கள்.

நேரில் போக முடியாவிட்டால், ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னதாக மின்னஞ்சலில் நிலை அறிக்கை கேளுங்கள். முதுகின் படம் இரண்டு விளக்குக்கும் தனித்தனியாக, நாடா வைத்த உயரப் படம், எடை என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். 'நிலை எப்படி' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் 'நன்றாக இருக்கிறது, சிறு தேய்மானம்' என்று பதில் வரும், எனக்கு வந்தது.

5. எங்கே வாங்குவது

பாரிசின் வடக்கு எல்லையில் சேந்துவான் பழம்பொருள் சந்தை, சனி, ஞாயிறு, திங்கள். மெட்ரோ நான்காம் தடத்தில் போர்த் தெ கிளிஞான்கூரில் இறங்கினால், முதலில் வரும் செருப்பு, ஃபோன் உறைக் கடைகளைத் தாண்டிப் போக வேண்டும். பால்-பேர், செர்ப்பெத், பிரோன் பகுதிகளில் விளக்குக் கடைகள் உண்டு. விலை ஏலத்தைவிட அதிகம், ஆனால் வயரிங் முடிந்திருக்கும், பேசவும் முடியும். திங்கட்கிழமை கூட்டம் குறைவு, அன்று கேட்டால் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்குவார்கள். ரசீதில் காலம், உலோகம், மறுமுலாம் உண்டா இல்லையா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் தர வேண்டும் என்று அதே மார்க்குஸ் ஆணை சொல்கிறது. எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தெற்கே வான்வ் சந்தை சனி, ஞாயிறு காலை. சீக்கிரம் போங்கள். வெளியூர் ஏலங்கள் விலை குறைவு, போட்டியும் குறைவு, ஆனால் போய்ப் பார்ப்பதற்கு ரயில் செலவு. தனியாள் விளம்பரங்களில் மலிவு நிச்சயம், உத்தரவாதம் பூஜ்யம்.

நான் பார்த்துவரும் ஏலங்களில், இரண்டு கை உள்ள 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஜோடி 150-இலிருந்து 600 யூரோவுக்குப் போகிறது. நகாசு நல்லதாக, பெரிதாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். எபோக் என்று உத்தரவாதம் உள்ளது பல ஆயிரம். ஆகஸ்டில் பாரிஸ் ஏலங்கள் ஏறத்தாழ நின்றுவிடும், அந்த மாதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

6. பதிவும் ஆவணங்களும்

அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் அல்லது வசிப்பு அட்டை, முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீது, வங்கி விவரத் தாள். இந்த மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக வைத்துக்கொண்டால் எந்த ஏலத்துக்கும் போதும். இணையத்தில் ஏலம் கேட்க முந்தின நாளே பதிவு செய்யுங்கள். கார்டு சரிபார்ப்பு சில இடங்களில் ஏலம் தொடங்கிய பின்னும் முடியாது. தொலைபேசி வழியாகக் கேட்கலாம், ஆனால் மலிவான பொருளுக்கு எல்லா இடத்திலும் லைன் தரமாட்டார்கள். எழுத்தில் உச்சவரம்பு கொடுத்துவிட்டுப் போகும் முறையும் உண்டு, கை துடிப்பவர்களுக்கு அதுவே நல்லது.

ஏலத்தில் எடுத்தால் எடுத்ததுதான். இணையத்தில் வாங்கிய சட்டை போலப் பதினான்கு நாளில் திருப்பித் தரும் உரிமை பொது ஏலத்துக்குக் கிடையாது. பணம் கட்டாவிட்டால் மறு ஏலம் போட்டு, குறைந்த தொகையை உங்களிடம் வசூலிக்கலாம். பணம் கட்டாதவர் பட்டியலில் பெயர் ஏறினால் அடுத்த ஏலங்களில் கதவு அடைபடும்.

7. சுத்தியல் விலை உங்கள் விலை அல்ல

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஏலத்தில் கடைசியாகச் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு: ஏல நிறுவனத்தைப் பொறுத்து 25 முதல் 30 சதவீதம் வரை. நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கும் ஏலம் என்றால் 14 சதவீதம் போலத்தான், பட்டியல் முகப்பில் எழுதியிருக்கும், அந்த மாதிரி ஏலங்களைத் தேடுங்கள். காட்டும் சதவீதம் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் பழம்பொருளுக்கு மொத்த விலையின் மேல் 5.5% வாட் என்கிற விற்பனை வரி; நூறு வயது ஆகாத அலங்காரப் பொருளுக்கு 20% வரலாம். இணையம் வழியாகக் கேட்டால் தளத்துக்குத் தனியாக 1.5 முதல் 3 சதவீதம், அதன் மேல் வரி.

உதாரணமாக 600 யூரோவுக்குச் சுத்தியல் விழுகிறது. எல்லா வரியும் சேர்த்து 30% கட்டணம் 180, இணையத் தளத்துக்கு 1.8% என்றால் 10.80. ஆக 790.80. இரண்டு விளக்குக்கும் வயர் மாற்ற 140, நான்கு பல்பு 28, கொக்கி, நங்கூர ஆணி 15. மொத்தம் 973.80 யூரோ. அறுநூறு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். கையில் 800 இருந்தால், வயர், பல்பு, கொக்கிக்கு 183 ஒதுக்கினால் மிச்சம் 617. அதை 1.318-ஆல் வகுத்தால் 468. ஏலத்தில் 460-இல் கையை இறக்கிவிட வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கண்முன் ஒட்டிவிடுங்கள். 'இன்னும் ஒரு இருபது' என்று மனசு சொல்லும்.

ரொக்கமாகக் கொடுப்பதற்கு வரம்பு உண்டு, பிரான்சில் வரி செலுத்தும் நமக்கு வியாபாரிகளிடம் 1,000 யூரோ வரைதான். மீதி கார்டு அல்லது வங்கி மாற்றம்.

8. எடுத்து வருவது

பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பொருள். பொர்தரோ என்கிற ஏலச்சீட்டை உயிர் போல வைத்துக்கொள்ளுங்கள்: காப்பீட்டுக்கு அது வேண்டும், பின்னால் தகராறு என்றால் வேண்டும், விற்கும்போதும் வேண்டும் (5,000 யூரோவுக்கு மேல் விற்றால் வரி உண்டு, எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்ட முடிந்தால் கணக்கு வேறு). ஏல இடத்தில் விட்டுவைத்தால் சேமிப்புக் கட்டணம் வேகமாக ஓடும், எத்தனை நாள் இலவசம் என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள்.

பொட்டலம் கட்டும்போது கைகளும் பொபெஷ் தட்டுகளும் கழலும் என்றால் கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள், எது எந்த விளக்குடையது என்று சீட்டு ஒட்டி. குமிழ் பிளாஸ்டிக்கை நேரடியாக முலாம் மேல் சுற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து அனுப்பச் சொன்னால் அனுப்பும் செலவு சில நேரம் பொருளின் விலையில் பாதி வரும்.

9. வயரும் சுவரும்

பழைய துணி வயரை அப்படியே போட்டு எரியவிடாதீர்கள், தொட்டாலே உதிரும். உலோக விளக்கு என்பதால் பச்சை-மஞ்சள் தரைக் கம்பி உடலோடு இணைந்தே ஆக வேண்டும். சுவரில் தரைக் கம்பி வரவில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். வயர் மாற்றப் பட்டறைகளில் விளக்குக்கு 50 முதல் 100 யூரோ கேட்கிறார்கள், மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். புதிதாகத் துளை போட வேண்டாம், இருக்கும் துளை வழியே மெல்லிய வயரைக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுங்கள். தாங்கி சிறுதிருகு இ14, பல்பு 2200 முதல் 2700 கெல்வின் வரை, சுடர் வடிவ எல்.இ.டி.; அதற்கு மேல் வெளுத்த வெளிச்சம் போட்டால் தங்கம் பித்தளையாகிவிடும்.

கல், செங்கல் சுவரில் கொக்கி நேராகப் பிடிக்கும். பிளாக்கோவில் விரியும் நங்கூர ஆணி போட வேண்டும். பழைய அப்ளிக் பின்தகட்டில் மேலே ஒரு துளைதான் இருக்கும், அதில் மாட்டினால் முன்பாரத்தால் தலைகுனியும், அடியில் சின்னக் கட்டை வைத்து நிமிர்த்துங்கள்.

10. புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்

என் அம்மா வந்திருந்தபோது, மாட்டுவதற்கு முன் மேசையில் கிடந்த ஜோடியைப் பார்த்து, 'இது ஏன்டா இப்படிக் கறுத்துக் கெடக்கு, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுத் தரவா' என்றார். அரை நிமிடம் தாமதித்திருந்தால் போயிருக்கும். புளி, எலுமிச்சை, விபூதி, கடையில் விற்கும் பித்தளை மெருகு எல்லாமே முலாமைத் தின்னும், தேய்ந்த தங்கம் திரும்பாது. தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள்; ஒட்டிய அழுக்குக்கு வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு, பஞ்சு, ஒற்றி எடுத்து உடனே நன்றாக உலர்த்துவது. வயர் கழற்றிய பிறகுதான். பழைய மெழுகு ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாமல் வெந்நீரில் இளக்குங்கள். வார்னிஷ் அடித்த புரோன்ஸ் வெர்னிக்கு இந்தக் குளியலும் வேண்டாம், உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

11. ஏமாந்துவிட்டால்

பொருள் பட்டியலில் எழுதியதற்கு மாறாக இருந்தால், அதாவது எபோக் என்றது எபோக் இல்லை, வெண்கலம் என்றது ரெகுல் என்றால், ஏல நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். முதலில் ஏலம் நடத்தியவருக்குப் பதிவுத் தபால், கூடவே வேறொரு நிபுணரின் எழுத்து மூலமான கருத்து. பிறகு ஏல நிறுவனங்களுக்கான மேற்பார்வைக் குழுவிடம் முறையீடு, அதற்குக் கட்டணமில்லை.

நானும் எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது: பட்டியலில் 'ஸ்தீல்' என்றுதான் இருக்கிறது, வெண்கலம் வெண்கலம்தான், முலாம் முலாம்தான், இரண்டு இருக்கின்றன, ஆகவே ஜோடி. நியாயம்தான், திருப்பி ஒன்றும் சொல்ல முடியவில்லை. குட்டையான விளக்கின் கொக்கியைக் கழற்றி மூன்றரை மி.மீ. கீழே இறக்கி அடித்தேன். இப்போது மேலே மூன்றரை, கீழே மூன்றரை வித்தியாசம், சுடர்கள் ஏறத்தாழ ஒரே மட்டம். வந்தவர் யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை, சோபாவில் உட்கார்ந்தால் எனக்கு மட்டும் தெரிகிறது.